ஒரு நூல் குறைவு

முக்கோணம் வெட்டும்போதுதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், டாக்டர். சதுரத்துக்குப் பெரிய மூளை தேவையில்லை. தைத்து முடித்த பிறகு மூன்று அங்குலம் தெரிய வேண்டுமென்றால் மூன்றரை அங்குலம் வெட்டினால் போதும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு நூல் தையலுக்குள் போய்விடும். நூல் என்றால் ஊசியில் கோக்கிற நூல் இல்லை. அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கு. அதைவிடச் சின்ன அளவு எங்கள் தொழிலில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

என் தங்கச்சிக்கு இந்தத் தடுமாற்றம் எப்போது ஆரம்பித்தது, எப்படி ஆரம்பித்தது என்று நிதானமாக யோசித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். ஒரு தாளில் முடியாது போலிருக்கிறது. கணக்கைச் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னால் மொட்டைத் தாத்தன் குட்டையில் விழுந்தான் என்பதுபோல ஆகிவிடும். பயப்படாதீர்கள், மூளை நரம்பையே படித்தவருக்கு ஒரு முக்கோணம் எந்த மூலைக்கு.

பாதி நீலம், பாதி வெள்ளை என்று இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சதுரம் வருகிறது என்று வையுங்கள். அதற்கு மூன்றரை அங்குலச் சதுரத்தை வெட்டிக் குறுக்கே கீறினால் அளவு இடிக்கும். சாய்வாகப் போகிற தையல் கொஞ்சம் அதிகமாகத் துணியைத் தின்னும். அதனால் மூன்று அங்குலமும் ஏழு நூலும் வெட்ட வேண்டும். ஏழு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஏழு எங்கிருந்து வருகிறது என்று எங்கள் முதலாளியம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்கியிருந்தால் எனக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க மாட்டார்.

பட்டறை ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நீளமான அறை, பன்னிரண்டு மெஷின், சன்னலோரம் வெட்டுகிற மேஜை, மூலையில் என் மேஜை. துண்டுத்துணிகளை இணைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்துப் போர்வையாக்குவது எங்கள் வேலை. கட்டத்தை வரைவதும், எந்தத் துண்டை எந்த அளவில் வெட்டுவது என்று கணக்குப் போட்டு அட்டையில் எழுதுவதும் நான். தைக்கிறவர்கள் காலையில் அட்டையை வாங்கிப்போய் அதன்படி வெட்டித் தைப்பார்கள். சாயங்காலம் எல்லா அட்டையும் என் மேஜைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு அட்டை வெளியே போனால் ஊரெல்லாம் எங்கள் டிசைனைத் தைத்துவிடும் என்று முதலாளியம்மாவுக்குப் பயம். நான் எண்ணி வாங்கிப் பூட்டிவைப்பேன். இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. எனக்கு வசதியாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பன்னிரண்டு பேரில் என் தங்கச்சியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நட்சத்திரக் கட்டம் தைக்கும்போது நாலு முனைகள் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். மற்றவர்களுக்கு அது பத்துக்கு ஆறு தடவை சேரும். இவளுக்குப் பத்துக்குப் பத்தும் சேரும், அதுவும் பக்கத்து மெஷின்காரியோடு வாயாடிக்கொண்டே. அம்மா போகும்போது இவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் இவளுடைய கணக்கு நோட்டை நான்தான் எழுதிக்கொடுப்பேன். பதிலுக்கு என் ஜாக்கெட்டெல்லாம் இவள் தைத்துத் தருவாள். "கணக்கு அக்காவோடது, கை என்னோடது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். ஒரு நாளும் நான் எழுதின எண்ணைக் கூட்டிப் பார்த்தது கிடையாது. இந்தக் காலத்தில் யார் யாரை அப்படி நம்புகிறார்கள், சொல்லுங்கள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் கண் கலங்கிவிடும்.

பக்கத்து மெஷின்காரியைச் சொன்னேன் அல்லவா, அவளுக்குப் பட்டறையில் சோடாபுட்டி என்று பெயர். அவ்வளவு கெட்டியான கண்ணாடி. நல்லவள்தான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. தைப்பது சுமார். ஆனால் கணக்கு வரும். அட்டையை வாங்கினால் பேசாமல் போக மாட்டாள், நின்று மனதுக்குள் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குக்கா" என்று எனக்கே சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் ஏதாவது சொல்வாள், தங்கச்சி மெஷினை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் மேஜைவரை சிரிப்பு மட்டும்தான் வரும், என்ன சொன்னாள் என்பது வராது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு பெரிய ஹோட்டல்காரர்கள் எங்களிடம் போர்வை கேட்டார்கள். முதல் போர்வை பிடித்திருந்தால் வருஷம் பூராவும் வேலை. அங்கேயே ஒரு கிளை போட்டுவிடலாம் என்று முதலாளியம்மா கணக்குப் பண்ணினார். கிளையைப் பார்த்துக்கொள்ள சோடாபுட்டி, தலைமைத் தையல்காரி என் தங்கச்சி. ஏரி ஓரத்தில் வீடு. இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், டாக்டர். எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் நான் என்ன பண்ணுவேன் என்று கேட்டேன்.

"நீயும் வந்துடுக்கா. அங்க கணக்கெல்லாம் அவளே போட்டுக்குவா. நீ சும்மா எங்ககூட இரு, போதும்" என்றாள்.

அன்போடுதான் சொன்னாள். சும்மா இரு என்று சொல்வதில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

சோடாபுட்டி கிளைக்கு இடம் பார்க்க ஒரு வாரம் அந்த ஊருக்குப் போயிருந்தாள். அந்த வாரத்தில்தான் ஹோட்டல் போர்வை வெட்ட வேண்டியிருந்தது. நட்சத்திரக் கட்டம், முப்பது. ஹோட்டல்காரர்களே சாயம் போட்டு அனுப்பிய நீலத்துணி, அளவெடுத்தாற்போலப் போதுமானது, ஒரு சாண்கூட உபரி இல்லை. நான் அட்டையை எழுதினேன். நடுச்சதுரம் ஆறரை அங்குலம், மூலைச்சதுரம் மூன்றரை அங்குலம், முக்கோணத்துக்கு மூன்று அங்குலமும் ஆறு நூலும்.

ஆறு என்றுதான் எழுதினேன். கை தவறவில்லை. எழுதிவிட்டு ஒரு முறை சரிபார்த்தேன்.

தங்கச்சி அட்டையை வாங்கிக்கொண்டு போய் ஒரே மூச்சில் நூற்றிருபது நீலச் சதுரமும் வெட்டிப் போட்டாள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அப்புறம் குறுக்கே கீறினாள். வெட்டின துணி வளராது, டாக்டர், முடியைப் போல இல்லை. தைக்கும்போதுதான் தெரிந்தது. ஒரு முக்கோணச் சதுரத்தில் ஒரு நூல் குறைந்தால், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இரண்டு நூல் குறையும். நடுச்சதுரம் பிதுங்கிக்கொண்டு நின்றது. இழுத்துத் தைத்துப் பார்த்தாள், துணி குழி விழுந்தது. பிரித்து மறுபடி தைத்தாள், பிரித்தாள், தைத்தாள். நட்சத்திரத்தின் முனையெல்லாம் மொண்ணையாகப் போய்விட்டது. சாப்பாட்டு வேளையில் நான் அவளுக்கு டீ வாங்கிக்கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். கை வலிக்கிறதா என்று கேட்டேன். கவனியுங்கள், நான் பொய் ஏதும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன்.

சோடாபுட்டி திரும்பி வந்தாள். கட்டங்களை ஒரு பார்வை பார்த்தாள், இன்னும் தைக்காத ஒரு முக்கோணத்தை எடுத்து அளவுகோலில் வைத்தாள்.

"ஒரு நூல் கம்மியா வெட்டியிருக்கியே."

"அட்டைல ஆறுன்னுதானே இருந்துச்சு" என்றாள் தங்கச்சி.

இரண்டு பேரும் என் மேஜைக்கு வந்தார்கள். நான் பூட்டைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அதில் ஏழு இருந்தது. வெட்டின அன்று சாயங்காலமே அவள் அட்டையை வாங்கிக்கொண்டு இன்னொன்று எழுதிவைத்துவிட்டேன். அதே பேனா, அதே மை. பழையது அடுப்புக்குப் போயிற்று. தங்கச்சி அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சோடாபுட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, ஆறை அழித்து ஏழாக்கினாயா அக்கா என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவள் கேட்கவில்லை. "எனக்கு ஆறுன்னு தெரிஞ்சுதுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளியம்மா கைக்காசைப் போட்டு மறுபடி நீலத்துணி வரவழைத்து, வேறு ஆளைக்கொண்டு போர்வையை முடித்துக்கொடுத்தார். சோடாபுட்டியோடு கிளைக்கு வேறு ஒருத்தி போனாள். முதலாளியம்மா நல்ல மனுஷி, தங்கச்சியை வேலையிலிருந்து எடுக்கவில்லை. வெட்டுவதை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு இவளைத் தைக்கச் சொன்னார். ஆனால் மனதில் ஒன்று புகுந்துவிட்டால் லேசில் போகாது. கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார். கண்ணில் இல்லையென்றால் மூளையில்தானே என்று இவளே முடிவுக்கு வந்துவிட்டாள். நான் சொல்லவில்லை.

அப்புறம் எனக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. எந்தக் கட்டத்தை எத்தனை தைப்பது என்று மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை அவளுக்கு இரண்டு அட்டை எழுதினேன், கொடுக்க ஒன்று, காட்ட ஒன்று. சில வருஷம் அதுவும் இல்லை. வேர் பிடித்த செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. வீட்டில் காலண்டரில் தேதித்தாளை ஒன்று கூடுதலாகக் கிழித்துவைப்பது, கடிகாரத்தைப் பத்து நிமிஷம் தள்ளிவைத்துவிட்டு அவள் பார்த்த பிறகு சரிசெய்வது, இப்படிச் சில்லறை வேலைகள்தான். அவளும் சிரித்துக்கொண்டேதான் எடுத்துக்கொண்டாள். போன பிறந்தநாளுக்கு, "ஏழு கழுத வயசாயிடுச்சு உனக்கு" என்று நான் கிண்டல் பண்ணினேன். "என் கண்ணுக்கு ஆறு கழுததான் தெரியுது" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்படிப்பட்ட வீடு எங்களுடையது.

ஒரே ஒரு முறைதான் கொஞ்சம் சிரமமாகப் போனது. போர்வை விவகாரம் நடந்து இரண்டு வருஷம் கழித்து சோடாபுட்டியிடமிருந்து தங்கச்சிக்குக் கடிதம் வந்தது. எண் தெரியாவிட்டால் போகிறது, எண்ணை நான் வாசிக்கிறேன், நீ தைத்தால் போதும், உன்னைப்போலத் தைக்க இங்கே ஆள் இல்லை என்று எழுதியிருந்தாள். பதினேழாம் தேதி காலை பத்து மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வருகிறேன், பெட்டியோடு வந்துவிடு, சேர்ந்தே போய்விடலாம். அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. பட்டறை போன் என் மேஜைமேல் இருந்தது.

தங்கச்சி கடிதத்தைப் படித்துவிட்டு வழக்கம்போல என்னிடம் நீட்டினாள். தேதி மட்டும் சரியாகப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். முகம் பழையபடி மலர்ந்திருந்தது. போகட்டுமா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை, தேதியைத்தான் கேட்டாள். அதைக் குறிப்பிட விரும்புகிறேன். நான் பதினெட்டு என்றேன்.

பதினேழாம் தேதி அவள் வீட்டில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பட்டறையில் இருந்தேன். நினைத்ததுபோலவே மத்தியானம் சோடாபுட்டி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். தங்கச்சிக்கு வர இஷ்டமில்லை, முகத்துக்கு நேரே சொல்லச் சங்கடப்படுகிறாள் என்று சொன்னேன். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாமல் அவளைப் பார்த்தது அப்போதுதான், பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் தங்கச்சி ஒன்பது மணிக்கே பெட்டியோடு போய்விட்டாள். இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நான்தான் குடையை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தேன். பெட்டியை நானே தூக்கிக்கொண்டேன், அவளைத் தூக்கவிடவில்லை. அடுத்த நாள் காலை அவள் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தாள்.

"அக்கா, இதுல பதினேழுன்னு இருக்கு."

"உனக்கு அப்படித்தான் தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை. தலையாட்டினாள். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டாள். நான் துண்டை எடுத்து நீட்டினேன். அதே சமயம் மனதுக்குள் அப்படி ஒரு நிம்மதி, இனி யாரும் எங்கேயும் போகப்போவதில்லை என்று. உங்களிடம் மறைப்பானேன்.

அதற்கப்புறம் அவள் எழுத்தையும் நம்புவதை விட்டுவிட்டாள். பேருந்துப் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, கடைப் பெயர், பத்திரிகை, எல்லாம் நான்தான் வாசித்துக்காட்ட வேண்டும். தானாகப் படித்துவிட்டாலும், படித்தது சரிதானா என்று என்னிடம் கொண்டுவந்து கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். தைப்பதையும் விட்டாயிற்று. இப்போது பட்டறையில் தைத்த கட்டங்களுக்கு இஸ்திரி போடுகிறாள். அதிலும் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பகடை விளையாடுவோம். விழுந்தது எத்தனை என்று நான் பார்த்துச் சொல்வேன். அவளை நிறைய ஜெயிக்கவிட்டிருக்கிறேன். யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், தங்கச்சியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாள் என்றுதான் என்னைப் பற்றிச் சொல்வார்கள்.

இந்த அளவுக்கு இருந்திருந்தால் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்திருக்கவே மாட்டேன். முதலாளியம்மாதான் நரம்பு டாக்டர் ஒருவர் நம் தெருவுக்கே வந்திருக்கிறார், ஒரு முறை காட்டு என்று பிடிவாதம் பிடித்தார். நீங்களும் ஐந்து தடவை வரவழைத்துப் பார்த்தீர்கள். எண் அட்டை, எழுத்து அட்டை, கடிகாரம், எதை நீட்டினாலும் தங்கச்சி சரியாக வாசித்தாள். வாசித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பினாள். நீங்கள் அதைக் கவனித்ததை நானும் கவனித்தேன். முந்தாநாள் என்ன சொன்னீர்கள்? இங்கே எல்லாம் சரியாக வாசிக்கிறவர் வீட்டில் மட்டும் ஏன் தடுமாறுகிறார் என்று தெரியவில்லை, அதனால் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் சேர்த்துப் பார்க்கலாம், சொந்தக்காரர்கள் யாரும் கூட இருக்கக் கூடாது என்றீர்கள்.

அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவளுக்கு நோய் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. அவள் கண்ணும் சரி, மூளையும் சரி. அன்றைக்கு அவள் பார்த்தது ஆறுதான், கடிதத்தில் இருந்தது பதினேழுதான். எல்லாம் நான் செய்தது. ஆகவே மூன்று வாரம் தேவையில்லை. இல்லாத நோய்க்காக ஒரு படுக்கையை அடைத்துக்கொள்வது மற்ற நோயாளிகளுக்குச் செய்கிற அநியாயம். அதோடு, நான் இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் ஓடாது. ஆஸ்பத்திரியில் கதவு எண்ணைக்கூட அவளுக்கு யார் சொல்வார்கள்? மனசாட்சி உள்ளவள் என்பதால் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி நீங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதின சீட்டைக் கிழித்துவிட்டால் நாங்கள் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகிறோம்.

எனக்கு முழங்கால் வலி, இன்று வெளியே வர முடியவில்லை. உங்கள் ஆஸ்பத்திரி தெருக்கோடியில்தானே, அதனால் இதைத் தங்கச்சியிடமே கொடுத்தனுப்புகிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறாள். உறையை ஒட்டவில்லை, பசை தீர்ந்துவிட்டது. போகிற வழியில் பிரித்துப் பார்த்தாலும் பார்க்கட்டும், அதனால் ஒன்றும் ஆகிவிடாது. முழுக்கப் படித்துவிட்டு, தான் படித்தது சரிதானா என்று கேட்க என்னிடம்தான் ஓடிவருவாள். நான் வாங்கி வாசித்துக்காட்டுவேன்.